பக்கக்காற்றும் சிறு விமானங்களும்: தென்சென்னைப் புறநகர் விமானத்தளங்களின் வரலாறு

பக்கக்காற்று என்பது ஓடுபாதைக்கு நேராக இல்லாமல், அதன் குறுக்கே வீசும் காற்று. விமானிகளின் பேச்சில் இது 'கிராஸ்விண்ட்'. விமானம் எழும்பவும் இறங்கவும் எதிர்க்காற்றே உகந்தது. பக்கக்காற்றில் தரையிறங்கும் விமானங்களின் காணொளிகள் அடிக்கடி பரவுவதால், ஆபத்து தரையிறங்குவதில்தான் உள்ளது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புறப்படும்போதும் அதே ஆபத்து உண்டு. விமானம் சிறியதாக இருந்தால் அது கூடுதலாகவே உண்டு.

சென்னையின் தென்புறநகரில் பரங்கிமலை, பல்லாவரம், மீனம்பாக்கம், தாம்பரம் என்று நீளும் நிலப்பகுதியில் விமானங்கள் எழும்பத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. எந்தத் திசையிலும் ஓடி எழும்பக்கூடிய வெற்றுத் திடலில் தொடங்கிய இந்த வரலாறு, ஒன்றையொன்று வெட்டும் இரு ஓடுபாதைகளுக்கு வந்து, பின்னர் நீண்ட ஒரே ஓடுபாதையைப் பெரிதும் நம்பியிருக்கும் நிலையை அடைந்தது. ஒவ்வொரு மாற்றமும் பெரிய விமானங்களின் தேவையை ஒட்டி நடந்தது. காற்று மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கரணை வழியாக வரும் காற்று

மீனம்பாக்கத்துக்குத் தென்கிழக்கே, கடலுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் கரையிலிருந்து இச்சதுப்புநிலத்தின் மேலாக நகர்ந்து, மடிப்பாக்கம், வேளச்சேரியைத் தாண்டி மீனம்பாக்கத்தை அடைகிறது. கரையோரத்தை விட மீனம்பாக்கத்துக்கு அது தாமதமாகவே வரும். கோடையில் வானிலை ஆய்வு மையத்தின் நுங்கம்பாக்கம் நிலையத்தை விட மீனம்பாக்கம் நிலையம் பெரும்பாலும் கூடுதல் வெப்பத்தைக் காட்டுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

சதுப்புநிலத்தில் இறங்கும் பூநாரையும் கூழைக்கடாவும் எழும்பும்போது காற்று வரும் பக்கமாகத் திரும்பி, நீரில் சில அடிகள் ஓடி, பிறகே மேலே ஏறும். பறவைக்குத் திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு அது இல்லை.

சென்னையில் காற்று மூன்று விதமாக வீசுகிறது எனலாம். மே முதல் செப்டம்பர் வரை நிலத்திலிருந்து மேற்கு, தென்மேற்குக் காற்று. அதே மாதங்களின் பிற்பகல்களில் அதை எதிர்த்துக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவக்காற்று. கோடையில் ஒரே நாளில், சில நிமிடங்களுக்குள், காற்று ஏறத்தாழ எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். மேற்குக்காற்று வலுவாக உள்ள நாளில் கடற்காற்று மாலை வரை வராது. சில நாள் வராமலே போகும்.

காற்றை அளப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நிறுவனமும் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. 1998இல் காற்றாலை மின்சாரத்துக்கான ஆய்வு மையமாக அமைக்கப்பட்டு, பின்னர் தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது அது. 2010இல் இந்தியக் காற்று வரைபடத் தொகுப்பை வெளியிட்டதும் இந்நிறுவனமே. அதன் அளவீடுகள் காற்றாலைகளுக்கானவை, விமானங்களுக்கானவை அல்ல. காற்றாலை வைப்பவருக்கு ஆண்டுச் சராசரி முக்கியம். விமானிக்கோ அடுத்த அரை நிமிடத்தில் வரப்போகும் வீச்சு முக்கியம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் புறப்படும் விமானத்துக்குச் சொல்வது கடந்த 2 நிமிடச் சராசரியை. வழக்கமான வானிலை அறிக்கையில் வருவது 10 நிமிடச் சராசரி. இரண்டுமே நடந்து முடிந்த காற்றைப் பற்றியவை.

திடல் இருந்த காலம்

சென்னையில் முதல் விமானத்தைப் பறக்கவிட்டவர் ஒரு விடுதி முதலாளி. மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய கோர்சிகாவைச் சேர்ந்த ஜாக்கோமோ டி ஏஞ்செலிஸ், 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் தூண்டப்பட்டு, தன் வடிவமைப்பிலேயே ஒரு விமானத்தைச் சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டச் செய்தார். அதைப் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார் என்று சென்னை வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா எழுதியிருக்கிறார்.

அக்கால விமானங்களுக்குக் காற்றே முதல் எதிரி. எடை மிகக் குறைவு, இறக்கைப் பரப்பு அதிகம், எஞ்சின் வலு சொற்பம். அதனால் காற்று அடங்கிய காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். திடலில் எந்தப் பக்கம் காற்று வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி ஓடினார்கள். பக்கக்காற்றுப் புறப்பாடு என்ற சிக்கலே அப்போது பெரிதாக எழவில்லை. தேவைப்பட்டது காற்றின் திசையைக் காட்ட ஒரு துணிப்பை மட்டுமே.

1932 அக்டோபர் 15இல் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து புறப்பட்டது. பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். விமானம் 'பஸ் மோத்': ஒற்றை எஞ்சின், மேலே பொருத்திய இறக்கை, விமானியோடு இரண்டு பயணிகள் உட்காரலாம். அதே வகை விமானத்தில்தான் 1935 நவம்பர் 27இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல்-பிஸ்கோ இலங்கையின் ரத்மலானைத் தளத்தில் முதல் முறையாக இறங்கினார். சென்னையையும் கொழும்பையும் இணைத்த வான்வழிக்கு முன்னோட்டம் அது. கிளப்பின் விமானிகள் பழகிய மைதானம் புல்தரை. மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி, ஆனால் எல்லாத் திசையும் ஓடுபாதைதான்.

வால் சக்கரத்தின் குணம்

பஸ் மோத் போன்ற விமானங்களுக்கு முன்னால் இரண்டு முதன்மைச் சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு சக்கரமோ சறுக்குக் கட்டையோ இருக்கும். எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் விழும். கடைத்தெருவில் பொருள் ஏற்றிய தள்ளுவண்டியை முன்பக்கமாகப் பிடித்து இழுப்பதற்கும், பின்னாலிருந்து தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து தள்ளும் பாரம் சற்றே விலகினால் விலகல் பெருகிக்கொண்டே போகும். வால் சக்கர விமானமும் அப்படித்தான். மூக்கு ஒரு பக்கம் லேசாகத் திரும்பியதும் பின்னால் உள்ள எடை அதை மேலும் திருப்பும். உடனே தடுக்காவிட்டால் விமானம் தன்னையே சுற்றிவந்து நிற்கும். சில சமயம் சக்கரத்தின் கால் முறிந்து, ஒரு பக்க இறக்கை தரையில் உரசும். ஆங்கிலத்தில் இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர்.

இதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் பக்கக்காற்றே. விமானத்தின் உடலில் காற்றைப் பிடிக்கும் பெரிய பரப்பு வாலில் நிற்கும் செங்குத்துத் துடுப்பு. இடப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் வால் வலப்பக்கம் தள்ளப்படும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். கோயில் கோபுரத்தின் மேலோ பள்ளிக்கூட மாடியிலோ வைத்த காற்றுத்திசைகாட்டி காற்று வரும் பக்கம் திரும்புகிறதே, அதே செயல்தான். விமானி வலது கால் மிதியை அழுத்தி, வாலின் சுக்கானால் இதைத் தடுக்க வேண்டும். ஆனால் சுக்கான் வேலை செய்யவும் காற்றோட்டம் வேண்டும். ஓடத் தொடங்கும்போது வேகம் இல்லை, ஆகவே சுக்கானுக்கு வலு இல்லை. பக்கக்காற்று மட்டும் முழு வலுவோடு இருக்கும்.

விசிறியின் சுழற்சி இதோடு சேர்ந்துகொள்கிறது. ஒற்றை எஞ்சின் விமானம் முழு விசையில் ஓடும்போது தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். பெரும்பாலான அமெரிக்க எஞ்சின்கள் இடப்பக்கம் இழுக்கும். மோத் வகை விமானங்களின் ஜிப்ஸி எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழல்வதால் வலப்பக்கம் இழுக்கும். ஆகையால் ஒரே அளவு பக்கக்காற்று இடப்புறமிருந்து வருவதும் வலப்புறமிருந்து வருவதும் ஒன்றல்ல. ஒரு விமானத்தில் பழகிய கால், இன்னொன்றில் ஏறும்போது மறுபடியும் பழக வேண்டியிருந்தது.

காற்று வரும் பக்கத்து இறக்கை மேலே தூக்கப்படுவது அடுத்த தொல்லை. அய்லெரான் எனப்படும் இறக்கை மடலைக் காற்றுப் பக்கமாகத் திருப்பி விமானி அதை அடக்கி வைக்கிறார். ஓட்டத்தின் தொடக்கத்தில் முழு அளவு திருப்பி, வேகம் கூடக் கூடத் தளர்த்த வேண்டும். அவசரத்தில் விமானம் சீக்கிரமே தரையை விட்டுவிட்டு, காற்று ஒரு கணம் தளர்ந்ததும் மீண்டும் தரையில் படிந்தால், அப்போது அது பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். சக்கரம் முன்னோக்கி உருளப் பிறந்தது. பக்கவாட்டு உந்தலைத் தாங்க அல்ல. அதனால்தான் பக்கக்காற்றில் வழக்கத்தை விடச் சற்று நேரம் சக்கரங்களைத் தரையிலேயே வைத்திருந்து, பின்பு தயக்கமின்றி ஒரே மூச்சில் எழும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தரையை விட்டதும் காற்று வரும் பக்கம் மூக்கைச் சிறிது திருப்பிக்கொண்டால் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டிலேயே மேலேறும்.

தரையிறங்கும்போது சரிவரவில்லை என்றால் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம். புறப்படும்போது அந்த வாய்ப்பு குறுகியது. பாதி ஓட்டத்தில் விட்டால் மிச்சமுள்ள ஓடுபாதையில் நிறுத்த வேண்டும். எஞ்சின் விசையைத் திடீரெனக் குறைத்தாலே சுக்கானின் மேல் வீசும் விசிறிக் காற்றும் குறைந்து, விமானம் காற்றுப் பக்கம் திரும்பிவிடக்கூடும். இரட்டை எஞ்சின் சிறு விமானத்தில் காற்று வரும் பக்கத்து எஞ்சின் அந்நேரத்தில் பழுதானால் நிலை இன்னும் மோசம். காற்றும், செயல்படும் மறு எஞ்சினும் விமானத்தை ஒரே பக்கம் திருப்பும்.

வல்லூறும் பயிற்றுநர் பள்ளியும்

இரண்டாம் உலகப் போர் தாம்பரத்துக்கு ஒரு விமானத்தளத்தைக் கொடுத்தது. பிரித்தானியக் கடற்படை அதற்கு வைத்த பெயர் 'எச்.எம்.எஸ். வல்லூறு'. கடற்படைத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் மரபு. இங்கே அது தமிழ்ப் பறவையாக அமைந்துவிட்டது. தாம்பரத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரு ஓடுபாதைகள் இன்றும் உள்ளன. அக்காலத் தளங்கள் பலவற்றுக்கும் இதுவே அமைப்பு. விமானங்கள் கனமாகிப் புல்தரை தாங்காதபோது திண்ணிய ஓடுபாதை போட வேண்டியதாயிற்று. எல்லாத் திசையிலும் போட முடியாது. ஆகவே இரண்டு அல்லது மூன்று திசைகளில் போட்டு, காற்றுக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்கள்.

விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர்களுக்குக் கற்றுத்தரும் இடம் இது. பக்கக்காற்றில் பயிற்றுநரின் வேலை விமானியின் வேலையை விடக் கடினம். மாணவர் தவறு செய்யும் வரை காத்திருக்க வேண்டும், ஆனால் திருத்த முடியாத அளவு காத்திருக்கக் கூடாது. இந்திய விமானப்படையின் பயிற்சியில் நெடுங்காலம் இருந்த ஹார்வர்டு வால் சக்கர விமானம், தரையில் சுழன்றுவிடுவதற்குப் பேர்போனது. 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த, இந்தியாவிலேயே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானமும் வால் சக்கர வகையே. பின்னால் வந்த கிரண் ஜெட்டும் எச்.பி.டி.-32 தீபக்கும் மூக்குச் சக்கரம் கொண்டவை.

தாம்பரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2016 ஜூலை 22இல் 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டுக் காணாமல் போன ஏ.என்.-32 விமானம். அதன் சிதைவுகள் கடலடியில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டதாக 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அவற்றைப் படம் எடுத்த கருவி பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துடையது. அந்த விமானம் புறப்பாட்டில் அல்ல, கடலின் மேல் பறந்துகொண்டிருந்தபோது மறைந்தது. பக்கக்காற்றோடு அதைச் சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

மூக்குச் சக்கரம் தந்த துணிச்சல்

மூக்குக்குக் கீழே சக்கரம் வந்தபோது எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் நகர்ந்தது. தள்ளுவண்டியை இப்போது முன்னாலிருந்து இழுக்கிறார்கள். விமானம் சற்றே விலகினாலும் நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். 1945இல் பறந்த 'டவ்' இந்த அமைப்பு கொண்ட இரட்டை எஞ்சின் சிறு பயணிகள் விமானம். ஏறத்தாழ பத்துப் பேரை ஏற்றும். 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்கள் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். உஷா சுந்தரம் இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானிகளில் ஒருவர்.

மூக்குச் சக்கரம் ஆபத்தை நீக்கவில்லை, தள்ளி வைத்தது. முன்பு பறக்காமல் இருந்திருக்கக்கூடிய காற்றிலும் இப்போது பறக்கத் துணிவு வந்தது. அதோடு, விமான நிலையம் கட்டுபவர்களுக்கும் ஒரே திசை ஓடுபாதை போதும் என்ற எண்ணம் வலுத்தது. ஜெட் விமானங்கள் வந்தபின் அகலத்தையும் திசைகளின் எண்ணிக்கையையும் விட நீளமே முக்கியமாயிற்று. இருக்கும் நிலத்தில் இரண்டு பாதி நீள ஓடுபாதைகளை விட, நீளமான ஒன்று இலாபம்.

மீனம்பாக்கத்தின் இரு திசைகள்

ஓடுபாதையின் எண் அதன் திசையைக் குறிக்கும். திசைகாட்டிப் பாகையைப் பத்தால் வகுத்தால் வருவது அந்த எண். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை 07/25, நீளம் 3,658 மீட்டர். ஒரு முனையிலிருந்து 70 பாகை திசையிலும் மறுமுனையிலிருந்து 250 பாகை திசையிலும் விமானங்கள் ஓடும். இரண்டாவது 12/30, முதலாவதை வெட்டிச் செல்கிறது. முன்பு 2,000 மீட்டர் சொச்சமாக இருந்த அதை, அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்கள். இன்று 2,890 மீட்டர். ஓடுபாதை ஆற்றைக் கடக்கும் காட்சி பொறியியல் வியப்பாகப் பேசப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு நிரம்பி விமான நிலையமே சில நாள் மூடப்பட்டபோது வேறு விதமாகப் பேசப்பட்டது.

இந்த இரு திசைகளையும் சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் ஒரு பொருத்தம் தெரியும். 07/25 பருவக்காற்றுகளின் பாதை. மேற்கு, தென்மேற்குக் காற்றில் 25, வடகிழக்குக் காற்றில் 07. ஆனால் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று அதற்குக் குறுக்கே விழுகிறது. 12/30 கடற்காற்றுக்கு ஏறத்தாழ நேர்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவு. பிற்பகலில் 140 பாகையிலிருந்து 18 நாட் வேகத்தில் கடற்காற்று வீசுகிறது என்று கொள்ளலாம். 1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் உள்ள கோணத்தின் சைன் மதிப்பால் காற்றின் வேகத்தைப் பெருக்கினால் பக்கக்காற்று கிடைக்கும். ஓடுபாதை 07இல் கோணம் 70 பாகை, பக்கக்காற்று ஏறத்தாழ 17 நாட். ஓடுபாதை 12இல் கோணம் 20 பாகை, பக்கக்காற்று 6 நாட் மட்டுமே. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172இன் கையேட்டில் குறித்துள்ள பக்கக்காற்று அளவு 15 நாட். அதே நேரம், அதே காற்று, அதே விமான நிலையம். ஒரு பாதையில் அந்த அளவைத் தாண்டிவிட்டது, மற்றதில் பாதியைக் கூட எட்டவில்லை. ஏ.டி.ஆர். 72 போன்ற இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானத்துக்குக் குறித்த அளவு 35 நாட் அளவில் இருப்பதால், 17 நாட் அதற்குப் பொருட்டல்ல.

கையேட்டு எண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அது 'செய்துகாட்டப்பட்ட' அளவு. சோதனை விமானி அவ்வளவு பக்கக்காற்றில் பாதுகாப்பாக ஏறி இறங்கிக் காட்டியிருக்கிறார் என்பதே அதன் பொருள். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி, விமானம் இறங்கும் அமைப்பில் தாங்கி நிற்கும் ஆகக் குறைந்த வேகத்தில் குறைந்தது 20 விழுக்காடு அளவுக்குப் பக்கக்காற்றில் செய்துகாட்ட வேண்டும் என்றது. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு இந்த எண்ணும் சிறியதாகிவிடும். சிறு விமானத்தின் இக்கட்டு முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. 55 நாட் வேகத்தில் எழும்பும் விமானத்துக்கு 15 நாட் பக்கக்காற்று அதன் வேகத்தில் கால்பங்குக்கும் மேல். 140 நாட் வேகத்தில் எழும்பும் ஜெட்டுக்கு அது பத்தில் ஒரு பங்கு.

பன்னாட்டு சிவில் விமான அமைப்பின் தரநிலையும் இதை ஒப்புக்கொள்கிறது. ஓடுபாதைகளின் திசையைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்நிலையம் எந்த விமானங்களுக்காகக் கட்டப்படுகிறதோ அவற்றுக்குக் குறைந்தது 95 விழுக்காடு நேரம் பக்கக்காற்று தடையாக இருக்கக் கூடாது என்கிறது. தடை எனக் கருதும் அளவோ விமானத்துக்கு ஏற்ப மாறும். 1,500 மீட்டருக்கு மேல் ஓடுபாதை தேவைப்படும் விமானங்களுக்கு 20 நாட், 1,200 முதல் 1,500 மீட்டர் வரை 13 நாட், அதற்கும் குறைவானவற்றுக்கு 10 நாட். பெரிய விமானங்களை மனத்தில் வைத்துக் கட்டிய ஒற்றை ஓடுபாதை 20 நாட் கணக்கில் எளிதாகத் தேறிவிடும். 10 நாட் கணக்கில் அதே ஓடுபாதை தேறுமா என்று கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. தேறினாலும், மீதி 5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 438 மணி நேரம். அந்த நேரத்தில் சிறு விமானம் காத்திருக்க வேண்டும், அல்லது துணிய வேண்டும்.

அப்படியானால் சிறு விமானங்களை எப்போதும் 12/30இல் அனுப்பிவிடலாமே என்ற கேள்வி எழும். டர்போபிராப் விமானங்களை அங்கே அனுப்பிப் பார்க்கும் முயற்சிகள் நடந்ததுண்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதால் ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதில் நிறுத்தி வைக்க வேண்டும். நிமிடக் கணக்கில் ஜெட்டுகள் வரிசை கட்டும் நிலையத்தில் இது எளிதல்ல. சிறு பயிற்சி விமானத்துக்கு நேரம் ஒதுக்குவதே நாளடைவில் பாரமாகிவிட்டது.

சிறு ஊர்களும் சிறு விமானங்களும்

1981இல் தொடங்கிய வாயுதூத் நிறுவனம் 19 பேர் அமரும் டோர்னியர் 228 விமானங்களை நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்கு இயக்கியது. நீடிக்கவில்லை. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னை–சேலம் சேவை ஏ.டி.ஆர். விமானத்துடன் தொடங்கியது. 2019 நவம்பரில் அதே வகை விமானம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் பறந்தது. பெருந்தொற்றால் நின்று 2022 டிசம்பரில் அச்சேவை மீண்டும் தொடங்கியது. இத்தகைய சேவைகளில் காற்றினால் வரும் நெருக்கடி விமானத்தின் வலுவை மட்டும் பொறுத்ததல்ல. சிறு ஊரின் நிலையத்தில் பெரும்பாலும் ஒரே ஓடுபாதை, குறைந்த நீளம், நாளுக்கு ஒன்றிரண்டு சேவை. காற்று தணியும் வரை அரை மணி காத்திருந்தால் அன்றைய அட்டவணை முழுவதும் சரியும். காத்திருக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் விமானி, அதன் செலவைக் கணக்கிடுபவர் வேறொருவர்.

கோபுரம் சொல்லும் காற்றும் ஓடுபாதையில் வீசும் காற்றும் வேறாக இருக்கலாம் என்பதற்கு, பெரிய விமானமாயினும், 2008 டிசம்பர் 20இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த விபத்து நல்ல சான்று. 115 பேருடன் புறப்பாட்டு ஓட்டத்தில் இருந்த போயிங் 737 இடப்பக்கக் காற்றில் ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தனர். வீச்சுக்காற்று 45 நாட் வரை எட்டியிருந்தது. விமானிக்குச் சொல்லப்பட்ட காற்று அதை விடக் குறைவு. நிலையத்தின் வேறு அளவிகள் காட்டிய வலுத்த காற்று அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. சுக்கான் மிதியிலிருந்து சில நொடிகள் அழுத்தத்தைத் தளர்த்தியதே உடனடிக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது.

சென்னையில் கடற்காற்றின் முகப்பு மூன்றரைக் கிலோமீட்டர் நீள ஓடுபாதையைக் கடந்து செல்லும் நிமிடங்களில், கிழக்கு முனையில் தென்கிழக்குக் காற்றும் மேற்கு முனையில் மேற்குக் காற்றும் வீசக்கூடும். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் அருகாமை அதைக் குலைத்தும் விடும். புயல் நாட்களில் பேச்சே இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியபோது, மீனம்பாக்கத்தில் இறங்க முயன்ற பயணிகள் ஜெட் ஒன்று இறக்கை சரிந்து, இறங்காமல் மேலேறிப் போனது. அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. விமான நிலையம் அன்று நள்ளிரவு தாண்டும் வரை மூடப்பட்டது. ஆனால் புயலுக்கு எச்சரிக்கை உண்டு, மூடும் ஆணை உண்டு. சாதாரண ஜூன் மாதப் பிற்பகலில் பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் அருகே பரந்தூர் தேர்வானது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் எதிர்ப்புப் போராட்டம் ஒருபக்கம் தொடர, திட்ட வரைபடமும் தயாரானது. அதில் உள்ள இரு ஓடுபாதைகளும் ஒன்றுக்கொன்று இணையானவை. இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்கள் ஓடலாம் என்பது அதன் பெரும் பயன். காற்று குறுக்கே வந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் குறுக்கே வரும். மீனம்பாக்கத்தையும் தாம்பரத்தையும் போல் வெட்டிச் செல்லும் ஓடுபாதை அந்த வரைபடத்தில் இல்லை.